வேதாளம் கேட்டது சரி, விக்கிரமன் சொன்னது சரியா?

27 ஏப்ரல் 2025, மதியம் 3.10 (கேள்வி)

பையனுக்கு ஒம்பது வயசு, பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு, செல்லைப் புடுங்கி வச்சிட்டு ஏதாச்சும் படிக்கக் குடுப்போம்னு பரண்ல கெடந்த விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை எடுத்தேன். குடுக்குறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவை பாத்துருவோம்னு ராத்திரி மூணு கதை படிச்சேன். என்னமோ மாதிரி இருக்கு. சின்னப்புள்ளையில அம்புட்டு ஆசையா படிச்சது, இப்ப ராசா சொல்ற தீர்ப்பு ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது. எனக்கு மட்டும்தானா? இதைப் பையன் கையில குடுக்கலாமா வேணாமா?

27 ஏப்ரல், இரவு 10.45

உனக்கு மட்டும் இல்ல தம்பி. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க பரணைக் காலி பண்ணப்ப எங்க தாத்தா பைண்டு பண்ணி வச்ச அம்புலிமாமா நாலு கெடச்சுச்சு, அதுலருந்து எனக்கும் இதே வியாதிதான். தாத்தாவுக்கு மதுரை செல்லூர்ல கைத்தறி. பழைய பேப்பர் கடையில எடைக்கு வர்ற அம்புலிமாமாவை மாசம் பாத்து அடுக்கி, பன்னெண்டு சேந்ததும் மைதாப் பசை காய்ச்சி அதுல மயில்துத்தம் கலந்து அவரே பைண்டு போடுவாரு, முதுகுக்கு காலிகோ துணி. இப்பவும் பிரிச்சா அந்தப் பசை வாடை லேசா அடிக்குது, பூச்சி ஒண்ணு தொடல. மொத்தம் அஞ்சு பைண்டு. அஞ்சாவதை 1993ல எங்க மாமா ஒருத்தர் கோயமுத்தூர் போற ரயில்ல படிக்கிறேன்னு வாங்கிட்டுப் போனாரு. போனதுதான்.

சரி கதைக்கு வாரேன். ஒரு பொண்ணு, கட்டிக்கிறேன்னு மூணு பேரு வந்து நிக்கிறாய்ங்க. பொண்ணு காய்ச்சல்ல செத்துப்போகுது. ஒருத்தன் சாம்பல் மேல குடிசை போட்டு அங்கனயே படுத்துக்கிறான், ஒருத்தன் எலும்பைப் பொறுக்கிட்டு கங்கைக்குப் போறான், ஒருத்தன் சாமியாரா ஊர் சுத்தப் போனவன் செத்தவங்களை எழுப்புற மந்திரப் புஸ்தகத்தை ஒரு வீட்ல திருடிட்டு வந்து பொண்ணை எழுப்பிடுறான். இப்ப அவ யாருக்குப் பொண்டாட்டின்னு வேதாளம் கேக்குது. ராசா சொல்றாரு, உசுரு குடுத்தவன் தகப்பன், எலும்பு கரைச்சவன் மகன், சாம்பல்ல படுத்தவன்தான் புருசன். எட்டு வயசுல இதைப் படிச்சிட்டு ஆகா என்ன மூளைடான்னு தெருவுல போய்ச் சொன்னவன் நான். இப்பப் பாத்தா, அந்தப் பொண்ணு இப்பதான் உசுரோட எந்திரிச்சு நிக்கிது, பக்கத்துலயே நிக்கிது, அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு மூணு பேருக்கும் தோணல, ராசாவுக்கும் தோணல.

என் கட்சி இதுதான்: விக்கிரமன் தீர்ப்புல பாதி தள்ளுபடி.

28 ஏப்ரல், காலை 7.20

இன்னொண்ணு ராத்திரி பூரா உறுத்துச்சு. முருங்கை மரம். பொணம் முருங்கைக் கிளையில தொங்குது, ராசா கத்தியோட மேல ஏறி வெட்டி விடுறாரு. முருங்கை வளத்தவன் எவனாவது இதை ஒத்துக்குவானா? காய் பறிக்க தொரட்டியைக் கொஞ்சம் ஓங்கி இழுத்தாலே கிளை படக்குன்னு வந்துரும், அணிலு ரெண்டு சேந்து ஓடுனாலே ஆடுது. முருங்கையில ஏறாதடான்னு அடி வாங்காத புள்ளை எங்க தெருவுல கெடையாது. அதுல ஒரு பொணம், கூட ஒரு ராசா, ராசாவுக்கு கவசம் வேற.

28 ஏப்ரல், இரவு 9.00

முருங்கைக்கு விடை கெடச்சிருச்சு. பதினோராம் நூற்றாண்டுல காஷ்மீர்ல சோமதேவர் சமஸ்கிருதத்துல எழுதுன, இந்த வேதாளக் கதைகளும் வர்ற கதாசரித்சாகரத்துல அது சிம்சபா மரமாம். சிசு மரம், ஈட்டி சாதின்னு சொல்றாங்க. சுந்தரகாண்டத்துல சீதை உக்காந்திருந்ததும் சிம்சபா மரத்தடிதான். அந்த மரத்துல நாலு பொணம் கூடத் தொங்கலாம். தமிழ்ல வந்தப்ப நம்மாளு அதை முருங்கை ஆக்கிட்டான். ஏன்னு யோசிச்சுப் பாத்தேன், வீட்டை ஒட்டி முருங்கை வைக்கக் கூடாது, அதுல பேய் ஏறும்னு அப்பத்தா சொல்லும்ல, பேய்க்கு ஏத்த மரம்னு வச்சிருப்பான்னு நெனைக்கிறேன். பலத்தைப் பாக்கல, ராசியைப் பாத்திருக்கான். இப்ப வேதாளம் முருங்கை மரம் ஏறாட்டி நமக்கு பழமொழியே இல்ல, அதனால மன்னிச்சு விட்டாச்சு.

30 ஏப்ரல், இரவு 11.30

ஆரம்பத்துலருந்து படிக்கிறேன், இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான், டானின்னு ஒருத்தர் 1880கள்ல பண்ணது, செல்லுல வச்சு பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் படிச்சு கண்ணு ரெண்டும் எரியுது. மூலத்துல ராசா பேரு விக்கிரமாதித்தனே இல்ல, திரிவிக்கிரமசேனன். ஊரு உஜ்ஜயினி இல்ல, கோதாவரிக் கரையில பிரதிஷ்டானம். ஒரு சாமியாரு தெனமும் சபைக்கு வந்து ஒரு பழத்தைக் குடுத்துட்டுப் போறான். ராசா வாங்கி பொக்கிஷக்காரன்கிட்ட குடுக்குறாரு, அவன் சன்னல் வழியா உள்ள வீசிடுறான். பத்து வருஷம் இப்படியே. ஒரு நா வளப்புக் குரங்கு ஒண்ணு பழத்தைப் புடுங்கிக் கடிக்க, உள்ளருந்து ரத்தினம் விழுகுது. போய்க் கதவைத் தொறந்தா பழமெல்லாம் அழுகிப்போய் ரத்தினமா குமிஞ்சு கெடக்கு.

சின்ன வயசுல இதை ரத்தினக் கதையாப் படிச்சேன். இப்ப பத்து வருஷம் ஒரு மனுசன் குடுத்த பழத்தை ஒரு தடவை கூட நறுக்கித் திங்காத ராசாவோட கதையாப் படிக்கிறேன். குரங்குக்குத் தோணுனது இவருக்குத் தோணல. இவருதான் பின்னாடி 23 கேள்விக்குத் தீர்ப்பு சொல்லப் போறாரு, பாத்துக்கங்க.

1 மே, காலை

கடை லீவு. மேல ஒருத்தர் "ரொம்பத் தோண்டாதீங்கண்ணே, புள்ளைக கதை"ன்னு போட்டிருக்காரு. புள்ளைக கதையா? சுடுகாடு, பொணம், தலை வெட்டு, கள்ளத் தொடுப்பு, எல்லாம் இருக்கு. நம்ம வாத்தியாருகதான் வடிகட்டி நமக்குக் குடுத்தாக. மூலத்தைப் படிச்சா அது வயசுக்கு வந்தவங்க கதை.

3 மே, இரவு 10.15

மகளுக்குப் படிச்சுக் காட்டுனேன், அவளுக்கும் ஒம்பது வயசுதான். வீரவரன் கதை. சூத்ரகன்னு ஒரு ராசா, அவர்கிட்ட வீரவரன் காவல் வேலைக்குச் சேருறான், தெனம் 500 பொற்காசு சம்பளம், மழைன்னாலும் வெயில்னாலும் வாசல்ல நிப்பான். ஒரு நா நடுராத்திரி ஒரு பொம்பளை அழுகுற சத்தம் கேக்குது. என்னன்னு பாத்துட்டு வான்னு ராசா இவனை அனுப்பிட்டு, இவனுக்குத் தெரியாம பின்னாடியே போறாரு. அழுதது பூமாதேவி. மூணாம் நா ராசா செத்துருவாரு, உன் மகனைச் சண்டிகைக்குப் பலி குடுத்தா பொழைப்பாருங்குது. வீட்டுக்குப் போய் மகனை எழுப்புறான், பய சரிப்பாங்குறான். மகன் தலையை வெட்டுறான். தங்கச்சிக்காரி அண்ணனைப் பாத்து அதுலயே உசுர விடுது. பொண்டாட்டி தீயில எறங்குறா. கடைசியா இவனும் தன் தலையை வெட்டிக்கிறான். இதையெல்லாம் பாத்த ராசா எனக்காக ஒரு குடும்பமே போச்சேன்னு வாளை எடுத்துத் தன் தலையை வெட்டப் போக, தெய்வம் தடுத்து எல்லாரையும் எழுப்பி விட்டுருது. இதுல யாரு பெரியவன்னு கேள்வி. விக்கிரமன் பதிலு: ராசாதான். ஏன்னா எசமானுக்காக உசுர விடுறது வேலைக்காரனுக்குக் கடமை, வேலைக்காரனுக்காக உசுர விடத் துணிஞ்ச எசமான் அபூர்வம்.

நான் நிறுத்திட்டு மகளைப் பாத்தேன், யாரும்மா பெரியவங்கன்னு. அவ அதுக்குப் பதிலே சொல்லல. "ராசா அங்கதானே ஒளிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாரு? மொதல்லயே ஏன் டேய் நிறுத்துடான்னு கத்தல?"ன்னு கேட்டா.

நானும் இந்தக் கதையை எத்தனை தடவை படிச்சிருப்பேன். கத்தியிருந்தா கதையே இல்லன்னு சொல்லிச் சமாளிச்சேன். "கதை இல்லாட்டி பரவால்ல, அந்தப் பாப்பா இருந்திருக்கும்ல"ன்னுட்டுத் தூங்கிட்டா.

4 மே, அதிகாலை 1.50

தூக்கம் வரல. அந்த ஒளிஞ்சு பாக்குற ராசாவை எனக்குத் தெரியும்.

சொந்தமா ஜெராக்ஸ் கடை போடுறதுக்கு முன்னாடி ஒரு அச்சாபீசுல ஆறு வருஷம் இருந்தேன். ஒரு ஐப்பசி மழை, ராத்திரி ஒரு மணி, கீழ்த் தளத்துல தண்ணி வந்துருச்சு. நைட் ஷிப்ட்ல நாங்க மூணு பேரு. ரீம் ரீமா பேப்பர் கீழ அடுக்கி வச்சிருக்கு. நனைஞ்சா மொத்தமும் போச்சு, அதனால முழங்கால் தண்ணியில நின்னு ரீமைத் தோள்ல தூக்கித் தூக்கி மாடிப்படியில அடுக்குனோம், விடியக்காலை நாலரை வரைக்கும். கரண்டு ஆப் பண்ணணும்னுகூட யாருக்கும் தோணல. தண்ணிக்குள்ள நிக்கிறோம், சுவத்துல ஸ்விட்ச் போர்டு, இப்ப நெனச்சா கொல நடுங்குது. மறுநா முதலாளி வந்தாரு, எல்லாரையும் கூப்புட்டு வச்சு, நான் வீட்லருந்து கேமராவுல பூராவும் பாத்துக்கிட்டேதான்டா இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னு சொல்லி ஆளுக்கு அரைக் கிலோ அல்வா குடுத்தாரு. நாங்களும் நெகிழ்ந்து போய் வாங்குனோம். அதுல பெருமை வேற. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா, "பாத்துக்கிட்டே இருந்தவன் போனைப் போட்டு மெயினை ஆப் பண்ணுங்கடான்னு சொல்லலாம்ல"ன்னு கேட்டுச்சு. அன்னைக்கு எனக்கு அது குத்தலாப் பட்டுச்சு.

எங்கம்மாவும் எம்மகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுருக்காளுக, பல வருஷ இடைவெளியில.

4 மே, மதியம்

ஒரு விசயம் விட்டுப்போச்சு, அதைச் சொல்லாட்டி கதைக்குத் துரோகம். எல்லாரும் உசுரோட எந்திரிச்சப்புறம் ராசா சத்தமில்லாம அரமனைக்குத் திரும்பிடுறாரு. வீரவரன் பழையபடி வாசலுக்கு வாரான். என்னடா அழுகைன்னு ராசா கேக்குறாரு. என்னையப் பாத்ததும் அந்தம்மா மறைஞ்சு போச்சுங்க, வேற ஒண்ணும் இல்லைங்கன்னு சொல்றான். அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காக இந்தக் கதையை எத்தனை தடவை வேணா படிப்பேன். தீர்ப்பு தள்ளுபடின்னு சொன்னேனே தவிர கதை தள்ளுபடின்னு சொல்லல. 27ந்தேதி எழுதுனதுல அது தெளிவா இல்ல.

6 மே, இரவு 9.40

இன்னைக்குப் படிச்சது நேரா எங்க வீட்டு வாசலுக்கே வந்துருச்சு.

அனங்கரதின்னு ஒரு ராசகுமாரி. அழகனா இருக்கணும், ஏதாச்சும் ஒரு வித்தையில கரை கண்டவனா இருக்கணும், அப்படி ஒருத்தனைத்தான் கட்டுவேங்குறா. தெக்கருந்து நாலு பேரு வாராங்க. ஒருத்தன் சூத்திரன், தெனம் அஞ்சு சோடி துணி நெய்வேன், ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு பிராமணனுக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு வரப்போற பொண்டாட்டிக்கு, அஞ்சாவதை வித்துச் சாப்புடுவேங்குறான். இன்னொருத்தன் வைசியன், மிருகம் பறவை பாசையெல்லாம் தெரியும். மூணாவது சத்திரியன், வாள் சுத்துவான். நாலாவது பிராமணன், செத்தவளை எழுப்புவான். யாருக்குக் குடுக்கலாம்? விக்கிரமன் பதிலு, துணி நெய்யிற சூத்திரனுக்கு சத்திரியப் பொண்ணை எப்படிக் குடுக்குறது, பறவை பாசை தெரிஞ்சு என்ன பிரயோசனம், பிராமணன் தன் தொழிலை விட்டுட்டு மந்திரவாதி ஆயிட்டான், அதனால சத்திரியனுக்குத்தான்.

அந்தப் பொண்ணு கேட்டது வித்தை. ராசா பாத்தது சாதி. கேள்வியையே மாத்திட்டாரு.

அஞ்சு சோடி! தறிக் குழியில கால் விட்டு உக்காந்து பாத்தவனுக்குத் தெரியும் அது என்ன கணக்குன்னு. எங்க தாத்தா விடியக்காலைல உக்காந்தா பொழுது சாயிற வரைக்கும் நாடா ஓடிக்கிட்டே இருக்கும், தெருப்பூரா டக்கு டக்குன்னு அந்தச் சத்தந்தான், அதுல ஒரு தறி நின்னாக்கூட காதுக்குத் தெரியும், யாரு வீட்ல என்னாச்சுன்னு எட்டிப் பாப்பாங்க. அம்மா சுங்குடிக்கு முடிச்சு போடும். துணியில புள்ளி வச்சு மூட்டையாக் குடுத்துவிடுவாங்க, ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால கிள்ளித் தூக்கி நூலைச் சுத்தி இறுக்கணும். கதை கேட்டுக்கிட்டே போடும், கை பாட்டுக்கு ஓடும். சாயம் போட்டுக் காஞ்சப்புறம் ரெண்டு பக்கமும் ஆளு நின்னு துணியை விசுக்குன்னு இழுத்தா முடிச்செல்லாம் படபடன்னு தெறிக்கும் பாருங்க, அதுக்காகவே நாங்க காத்துக் கெடப்போம். வெள்ளைப் புள்ளி ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கிள்ளுன சுருக்கம் தெரியும். அச்சுப் புள்ளியில அது வராது.

அந்த வீட்ல உக்காந்துதான் நான் இந்த ராசாவை ரசிச்சிருக்கேன். தாத்தாவே படிச்சுக் காமிச்சிருக்காரு. அவருக்கு இந்தக் கதை தெரியுமான்னு தெரிஞ்சுக்க இப்ப வழி இல்ல. நம்ம பைண்டுல அது இல்ல, பாத்துட்டேன்.

6 மே, இரவு 11.10

"அந்தக் காலத்துல அப்படித்தான், இன்னைய அளவுகோலை வச்சு அளக்கக் கூடாது"ன்னு ஒருத்தர் வந்துட்டாரு. அண்ணே, அந்தக் காலத்துலயே சூத்திரனை முதல் ஆளாக் கூட்டிட்டு வந்து நிறுத்தி அவன் அஞ்சு சோடிக் கணக்கை முழுசாச் சொல்ல விட்டது யாரு? அதுவும் அந்தக் கதைக்குள்ளதான் இருக்கு. வேதாளத்துக்கு இது கேள்வியாப் பட்டுருக்கு. ராசாவுக்குத்தான் படல.

12 மே, இரவு 8.30

காலைல அழகர் ஆத்துல எறங்குறதைப் பாக்கப் போனோம். செல்லூர்க்காரனுக்கு ஆறு வாசப்படிதான், ஆனா அந்தக் கூட்டத்துல வாசப்படி தாண்டவே ஒரு மணி நேரம். மகளுக்கு ஒண்ணும் தெரியலன்னு தோள்ல தூக்கி வச்சேன். 26 கிலோ. அவ ஒரு கையில என் முடியைப் புடிச்சுக்கிட்டு மேலருந்து கேள்வி கேட்டுக்கிட்டே வாரா, அழகர் ஏன்பா கல்யாணத்துக்கு லேட்டா வந்தாரு, யாரு தப்பான தேதி சொன்னா, அப்புறம் ஏன் ஊருக்குள்ள வராம திரும்பிட்டாரு, வருசாவருசம் லேட்டாகுதுல்ல ஒரு வருசம் சீக்கிரம் கெளம்பலாம்ல. தண்ணி பீச்சுறவன் தோப்பறைங்குற தோல்பையிலருந்து நேரா என் கண்ணுல அடிச்சான். அப்பதான் ஒறைச்சுச்சு, நான் இப்ப விக்கிரமாதித்தன். அந்தாளு இதை 24 தடவை தூக்கிருக்காரு, அதுவும் பொணம், பொணம் கனம் கனக்கும்பாங்க. கழுத்து இன்னும் திரும்ப மாட்டேங்குது, தைலம் தேச்சுட்டு உக்காந்திருக்கேன். ராசா மேல இருந்த கோவத்துல கால்வாசி கொறைஞ்சிருச்சு.

14 மே, மாலை

தப்பு ஒண்ணைத் திருத்தணும். நான் பாட்டுக்கு மூலத்தையும் அம்புலிமாமாவையும் ஒண்ணாப் போட்டு ஒழப்பிட்டேன். மூலத்துல முடிவுக் கதையையும் சேத்து 25 கதைதான், பேரே வேதாள பஞ்சவிம்சதி. அம்புலிமாமா 1947 ஜூலையில தெலுங்குலயும் தமிழ்லயும் ஆரம்பிச்சு, நாகி ரெட்டியும் சக்ரபாணியும் நடத்துனது, அதுல வேதாளக் கதை மாசாமாசம் வருஷக்கணக்கா வந்துச்சு, 25 எப்பவோ தீந்துருக்கும். அதுக்கப்புறம் வேற வேற நாட்டுப்புறக் கதை, புதுசா எழுதுனது எல்லாத்தையும் இந்தச் சட்டத்துக்குள்ள மாட்டி விட்டுட்டாங்க. முன்னாடி ராசா மரத்துல ஏறுவாரு, பின்னாடி வேதாளம் பறந்துரும், நடுவுல என்ன வேணா வைக்கலாம். நல்ல தோசைக்கல்லு.

அதனால என் பைண்டுல இருக்குற தீர்ப்புகளை மறுபடி பாத்தேன். அதுக அம்புட்டு மோசம் இல்ல. பேராசை, நன்றி, யாரு தியாகம் பெருசு, இந்த மாதிரிதான். பலது சப்புன்னு இருக்கு, அது வேற. மூலம் கொடூரம், ஆனா உள்ள எறங்குது. அம்புலிமாமா நல்ல புள்ளை, மறந்து போகுது. எனக்கு அதுல மறக்காதது சங்கர் போட்ட படந்தான். ஒரு கையில வாள், தோள்ல பொணம், பின்னாடி சுடுகாடு. அவரு 2020ல காலமானாரு. அந்தப் படத்துல ராசா மூஞ்சியில பயமே இருக்காது, இப்ப பாத்தா யோசனையும் இல்லாத மாதிரி இருக்கு. நான் படிச்சு படிச்சு கெட்டுப் போயிட்டேனோ என்னமோ.

15 மே

பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை எங்க கெடைக்கும்னு கேட்டவருக்கு: புது மண்டபத்துல இருந்த கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு, அங்க போய்க் கேட்டுப் பாருங்க. ஆனா புது மண்டபத்துல ஒரு பக்கம் தையல் மிசின் கடகடன்னு ஓட, யாளித் தூணுக்குக் கீழ சாணித்தாள் புஸ்தகத்தைப் புரட்டுன அந்தச் சொகம் அங்க இல்ல.

பெரிய எழுத்து வேற தொகுப்புங்க. அதுல 32 பதுமை, விக்கிரமாதித்தனோட தம்பியும் மந்திரியுமான பட்டி, காடாறு மாசம் நாடாறு மாசம் எல்லாம் வரும். இந்திரன் சிம்மாசனத்துல ஆயிரம் வருஷம் ஆளலாம்னு வரம் குடுக்க, பட்டிக்கு மட்டும் காளிகிட்ட ரெண்டாயிரம் வருஷம் ஆயுசு. அண்ணன் ஆயிரத்துல போயிடுவானேன்னு, ஆறு மாசம் சிம்மாசனத்துல இரு, ஆறு மாசம் காட்டுல இரு, ஆயிரம் ரெண்டாயிரமா ஆயிரும்னு கணக்குப் போட்டுக் குடுத்தது பட்டி. இப்ப படிச்சா கதாநாயகன் பட்டிதான். ஆடிட்டர் மூளை.

17 மே, இரவு

தலை மாறுன கதையை வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். ஒரு பொண்ணோட புருசனும் அவ கூடப் பொறந்தவனும் கோயில்ல தலையை வெட்டிக்கிறாங்க, அம்மன் எழுப்புறேன்னு சொல்ல, இவ பதட்டத்துல தலையை மாத்தி ஒட்டிடுறா. யாரு புருசன்? ராசா சொல்றாரு, ஒடம்புக்குத் தலைதான் பிரதானம், அதனால புருசன் தலை இருக்குறவன்தான். இதை வச்சு தாமஸ் மான் ஜெர்மன்ல எழுதுனாரு, கிரீஷ் கர்னாட் கன்னடத்துல நாடகம் போட்டாரு, அதுகள்ல அண்ணனுக்குப் பதிலா சிநேகிதன்.

வீட்டுக்காரி அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டா, நிமிரக்கூட இல்ல. "தலைதான் புருசன்னா உங்க தலை செல்லுலதான் கெடக்கு, அப்ப எனக்கு யாரு புருசன்?"

20 மே, இரவு 11.55

இவ்வளவு எழுதிட்டு ஒரு விதியைக் கவனிக்காம விட்டுருக்கேன். வேதாளம் என்ன சொல்லுது? பதில் தெரிஞ்சும் சொல்லாட்டி தலை வெடிக்கும். தெரியாட்டி ஒண்ணும் ஆகாது! அப்ப ராசா தப்பிக்க வழி மொதல் கதையிலயே இருக்கு. சரியாத் தெரியலயேன்னு மனசுக்குள்ள ஒரு துளி சந்தேகம் வந்திருந்தா வாயை மூடிக்கிட்டு நடந்திருக்கலாம், ஒரே நடையில வேலை முடிஞ்சிருக்கும். அந்தாளுக்கு வரவே இல்ல. செத்துப் பொழைச்ச பொண்ணு விசயத்துல வரல, நெசவாளி விசயத்துல வரல, ஒளிஞ்சு பாத்த ராசா விசயத்துலயும் வரல. எல்லாத்துக்கும் டக்குன்னு பதிலு, மறுபடியும் மரத்துக்கு நடை. 27ந்தேதி தீர்ப்புல பாதி தப்புன்னு எழுதுனேன்ல, தப்பு சரி கூட இல்ல, ஒரு தடவையாவது தயங்கியிருக்கலாம்னுதான் எனக்கு இப்ப தோணுது. நானும் மொத நா "தள்ளுபடி"ன்னு டக்குன்னுதான் எழுதியிருக்கேன், அதையும் ஒத்துக்கிறேன்.

22 மே, இரவு 10.00

அப்படித் தயங்குனது கடைசிக் கதையில மட்டும். ஒரு அப்பனும் மகனும் காட்டுல ரெண்டு பொம்பளைக காலடித் தடத்தைப் பாக்குறாங்க. பெரிய தடத்துக்காரி அப்பனுக்கு, சின்னத் தடத்துக்காரி மகனுக்குன்னு பேசி வச்சுக்கிட்டுப் போறாங்க. போய்ப் பாத்தா பெரிய காலு மகளோடது, சின்னக் காலு ஆத்தாளோடது. பேச்சு பேச்சுதான்னு அப்பன் மகளைக் கட்டுறான், மகன் ஆத்தாளைக் கட்டுறான். ரெண்டு சோடிக்கும் புள்ளை பொறந்தா அதுக ஒண்ணுக்கொண்ணு என்ன முறை? ராசா வாயே தொறக்கல. நடந்துக்கிட்டே இருக்காரு. அந்த அமைதியைப் பாத்துத்தான் வேதாளம் மனசு எறங்கி, சாமியாரு உன்னைப் பலி குடுக்கப் போறான்டா, விழுந்து கும்புடச் சொல்லுவான், எப்படின்னு காட்டச் சொல்லி அவன் தலையை வெட்டிருன்னு சொல்லிக் குடுக்குது.

ஆனா இது ஒரு கேள்வியா? நம்ம பக்கம் இதைவிடச் சிக்கலெல்லாம் பந்தியில உக்காந்து சாப்புடுது. எங்க சித்தப்பா சொந்த அக்கா மகளைக் கட்டுனவரு. அக்காவே மாமியாரு. அவரு புள்ளைக அந்தம்மாவை அத்தைன்னும் கூப்புடலாம், அம்மாச்சின்னும் கூப்புடலாம், காசு வேணும்னா அம்மாச்சி. என் கணக்குப்படி அந்த ரெண்டு புள்ளைகளும் அண்ணன் தம்பி முறை. முடிஞ்சுச்சு.

23 மே, காலை 6.40

முடியல. எங்க பெரியத்தைக்குப் போனைப் போட்டேன், சொந்தத்துல எந்தக் கல்யாணப் பத்திரிகை அடிச்சாலும் முறை பாக்குறது அத்தைதான். கதையைச் சொன்னதும் ஒரு நிமிசம் வாய்க்குள்ளயே முணுமுணுன்னுச்சு. அப்புறம், "அண்ணன் தம்பியா? நல்லாப் படிச்ச போ. அப்பனுக்குப் பொறந்தவன் மகனுக்குத் தம்பில்ல? அப்ப அவன் மகனோட புள்ளைக்கு சித்தப்பன். ஆத்தாளுக்குப் பொறந்தவன் மகளுக்குத் தம்பில்ல? அப்ப இவன் அவனுக்குத் தாய்மாமன்."

பழைய பத்திரிகைக் கவருக்குப் பின்னாடி கோடு போட்டுப் பாத்தேன். சரியாத்தான் வருது. ஒருத்தன் சித்தப்பன், இன்னொருத்தன் அவனுக்கே தாய்மாமன். ராசாவுக்குத் தெரியாதது அத்தைக்கு ஒரு நிமிசம்.

ஆனா அத்தை அதோட விடல. பத்து நிமிசம் கழிச்சு அதுவே கூப்புட்டுச்சு. "ஏன்டா, அப்ப காதுகுத்துக்கு அவன் இவன் மடியிலல்ல உக்காரணும். சித்தப்பன் போயி மகன் மடியில உக்காந்தா சபையில எவன் ஒத்துக்குவான்? சீரு யாரு யாருக்குச் செய்றது? இது சரிப்படாதுப்பா"ன்னு சொல்லிட்டு, யாரு வீட்டுக் கதை இது, எந்த ஊருன்னு கேட்டுச்சு. சுடுகாட்டுல வேதாளம் கேட்டதுன்னு சொன்னேன். காலங்காத்தால பேச்சைப் பாருன்னு வச்சிருச்சு.

2 ஜூன், இரவு

பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. கேள்வி கேட்ட தம்பிக்கு இன்னும் நேரா பதில் சொல்லலன்னு ஒருத்தர் ஞாபகப்படுத்துனாரு. குடுப்பா. பையன் தனியாப் படிக்கட்டும், ஆனா ராசா பதில் வர்ற பக்கத்தை மட்டும் ஒரு காகிதம் வச்சு மறைச்சுக் குடு. எம்மக அப்படித்தான் இப்ப படிக்கிறா, அவ எழுதி வச்ச பதிலு ஒண்ணு "எனக்குத் தெரியாது, அந்த அக்காட்ட கேளுங்க."

4 ஜூன்

பைண்டு கேட்டு நாலு பேரு வந்துட்டாங்க. ஜெராக்ஸ் கடைதான வச்சிருக்கீங்க, ஒரு காப்பி எடுத்துக் குடுங்கன்னு வேற. அண்ணே, அம்புட்டுத் தடி பைண்டைக் கண்ணாடியில கவுத்து மூடியை அமுக்குனா முதுகு ரெண்டா வந்துரும், மைதாப் பசை இத்தனை வருஷம் நின்னதே பெருசு. இரவலும் கெடையாது, 1993ல போனதே இன்னும் வரல. கடைக்கு வாங்க, மத்தியானம் ரெண்டுலருந்து நாலு கூட்டம் இருக்காது, ஸ்டூல் போட்டுத் தாரேன், உக்காந்து படிச்சிட்டுப் போங்க. டீ உங்க காசு.